நான் விட்டுக்கொடுக்காத ஆட்டம்

1

ஊருக்குப் போய்த் திரும்பி மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், கூட வேலை பார்க்கும் லிண்டா கேட்டாள், ஊர் எப்படி இருந்தது என்று. "லவ்லி" என்றேன். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நான் பிடித்துக்கொண்ட சொல் அது. மழை நின்றால் லவ்லி, யாராவது தேநீர் போட்டுக் கொடுத்தால் லவ்லி, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்றாலும் லவ்லிதான். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். லிண்டாவும் கேட்கவில்லை.

வாசகர்களிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சண்முகப்பிரியா. திருப்பூர் வீரபாண்டிக்காரி. இப்போது இருப்பது ஓல்டம் என்கிற பழைய மில் ஊரில். காலையில் ஒரு பெரிய கடையின் ரொட்டிப் பிரிவில் வேலை. மதியத்துக்கு மேல் ஸ்னூக்கர் கிளப்பில் பயிற்சி. பெண்களுக்கான ஸ்னூக்கர் போட்டிகளில் காசு கட்டிப் பதிந்து ஆடும் தொழில்முறை ஆட்டக்காரி நான். திருப்பூரில் என்னை உலக சாம்பியன் என்று சொல்கிறார்கள். ஓல்டமில் ரொட்டி அடுக்குகிறவள் என்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், ரொட்டிதான்.

2

ஸ்னூக்கரோடு இன்னொரு ஆட்டமும் ஆடுவேன். அதே மாதிரி மேஜைதான், கொஞ்சம் சிறியது. பந்துகளும் குறைவு. நீச்சல் குளத்துக்கு இருக்கிற அதே ஆங்கிலப் பெயர்தான் அதற்கும். அதைத் தமிழ் வீட்டில் பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் மாமியார் என்னிடம் என்ன விளையாட்டு என்று கேட்டபோது நான் விழித்ததையும், பக்கத்திலிருந்த கணவர் அவசரமாக "பில்லியர்ட்ஸும்மா" என்று சொல்லிக் காப்பாற்றியதையும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஒரு தொழிலுக்கு வந்துவிட்டோமே என்று இருந்தது.

அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். அதை விற்றுவிட்டு வீரபாண்டியில் நிட்டிங் யூனிட் போட்டார். கோயமுத்தூரில் மூடிப்போன ஒரு கிளப்பின் ஸ்னூக்கர் மேஜையை அவர் வாங்கி வந்தது எனக்காக அல்ல, அண்ணன் கார்த்திக்காக. வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வரும் பையர்களோடு மகன் சரிக்குச் சரி நின்று பேச வேண்டும், அதற்கு அவர்கள் ஆடுகிற ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேஜையைப் பூட்ட வந்த மெக்கானிக் பச்சைத் துணியை விரித்தபோது, அப்பா அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்ன ஜிஎஸ்எம் வருதுங்க?" என்று கேட்டார். துணியின் எடையைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் துணியைத் தொட மாட்டார்கள். மெக்கானிக்குக் கேள்வியே புரியவில்லை.

மேஜையை நிட்டிங் மெஷின்களுக்கு மேல்மாடியில், துணி உருளைகள் அடுக்கும் குடோனில் போட்டார்கள். அண்ணனுக்குப் பைக் வந்ததும் அது என் மேஜையாகிவிட்டது. கீழே மெஷின் ஓடினால் மேலே பந்துகள் லேசாக நடுங்கும். பஞ்சுத் தூசி ஓயாமல் துணிமேல் படிந்துகொண்டே இருக்கும். மெதுவாக அடித்தால் பந்து பாதி வழியில் நின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் ஓங்கி அடிக்கப் பழகினேன்.

உருளை எடுக்க ஆட்கள் மேலே வருவார்கள். மேஜைமேல் குனிந்து ஆடுகிற ஆட்டம் இது. துப்பட்டாவுக்கு எத்தனை ஊக்கு குத்தினாலும் போதாது. அவர்கள் பார்க்கிறார்களா இல்லையா என்பதில்லை, பார்ப்பார்களோ என்று நான் நிமிர்ந்து நிமிர்ந்து நிற்பேன். ஒருநாள் அப்பா படியேறி வந்து இதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் மேஜையைச் சுற்றி, ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன ஊதா நிறத் துணியைத் திரைபோலக் கட்ட வைத்தார். அது எனக்குக் கொடுத்த ஆதரவா, ஊரிடமிருந்து மறைத்ததா என்று அவர் போய்ச் சேரும்வரை நான் கேட்கவில்லை.

அந்தத் திரைக்குள்ளிருந்துதான் மாநிலப் போட்டிக்குப் போனேன். தேசியப் போட்டியில் ஒரு வெண்கலமும் வாங்கினேன். பிறகு கல்யாணம், விசா. விசா நேர்காணலில் என்ன தொழில் என்று கேட்டார்கள். ஸ்னூக்கர் ஆட்டக்காரி என்றேன். அந்த அம்மாள் நிமிர்ந்து என் பட்டுப்புடவையையும் தலைப்பூவையும் பார்த்தார். "வீட்டிலா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இல்லத்தரசி என்று பதிவானது.

3

இங்கே மேஜைகளுக்குக் கீழே மெஷின் ஓடுவதில்லை. நான் ஆடும் கிளப் இருப்பதே ஒரு பழைய பஞ்சாலைக் கட்டிடத்தின் மேல்மாடியில். மெஷின்கள் எப்போதோ போய்விட்டன. மேஜைத் துணியைத் தினமும் பிரஷ்ஷால் தேய்த்துச் சூடான இஸ்திரி போடுவார்கள். லேசாகத் தொட்டாலே வெள்ளைப் பந்து வழுக்கிக்கொண்டு போகும். முதல் நாள் நான் அடித்த அடியில் பந்து மேஜையைவிட்டுத் துள்ளி ஒரு தாத்தாவின் பீர் கோப்பைக்கு அருகில் போய் விழுந்தது. இத்தனை வருடமாகியும் நெருக்கடி வந்தால் என் கை திருப்பூர்க் கைதான். ஓங்கி அடித்துவிடும்.

போட்டிகள் சனி, ஞாயிறுகளில் ஏதோ ஒரு ஊரில் நடக்கும். பந்தடிக்கும் குச்சியின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். பெரும்பாலும் சனிக்கிழமை மதியமே திரும்பி வந்துவிடுவேன். கணவர் எதுவும் கேட்காமல் சோறு போட்டு வைப்பார். அவர் கேட்காமல் இருப்பது கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

மகள் இனியா இங்கே பிறந்தவள், இப்போது பன்னிரண்டு வயது. அவள் பள்ளியில் அம்மா அப்பாவின் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அம்மா ரொட்டிப் பிரிவில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஸ்னூக்கரைச் சொல்லவில்லையா என்றேன். "நீங்க ஜெயிக்கறதே இல்லையேம்மா" என்றாள் ஆங்கிலத்தில். குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

4

உலக சாம்பியன் ஆன கதை இதுதான்.

சில வருடங்களுக்கு முன் பெண்களுக்கான உலகப் போட்டியில் கலந்துகொண்டேன். முதல் சுற்றிலேயே வெளியே. இப்படி முதல் சுற்றில் தோற்பவர்கள் வெறுங்கையோடு போக வேண்டாமே என்று, அவர்களுக்குள்ளேயே தனியாக ஒரு சிறு போட்டி நடத்துவார்கள். அதில் நான் ஜெயித்தேன். ஒரு கோப்பை கொடுத்தார்கள். பின்னால் இருந்த பெரிய பதாகையில் உலகப் போட்டியின் பெயர் இருந்தது. படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் திருப்பூரிலிருந்து வாழ்த்துகள் குவிந்தன. பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இது தோத்தவங்களுக்கு நடத்தறதுங்கண்ணா."

"அதுக்கென்ன கண்ணு? ஒலகம் பூராத் தோத்தவங்கள்ல நீதான பஸ்ட்டு" என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். அப்பாவின் நண்பர்களிடம் சொன்னேன். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் கூப்பிட்டபோது அவருக்கும் பொறுமையாக விளக்கினேன். இத்தனை தன்னடக்கமா என்று வியந்துவிட்டு, உலக சாம்பியன் என்றே எழுதினார். நான் எவ்வளவுக்கு எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு பெரியவள் ஆனேன். ஒரு கட்டத்தில் மறுப்பதற்கே வெட்கமாகிவிட்டது, புகழுக்காக மறுக்கிறேனோ என்று.

5

இந்தக் கோடை விடுமுறையில் அண்ணன் கூப்பிட்டார். தன் பனியன் கம்பெனியோடு சேர்த்துப் பல்லடம் ரோட்டில் ஒரு ஸ்னூக்கர் பார்லர் ஆரம்பிக்கிறார், நான்தான் திறந்துவைக்க வேண்டும் என்றார். இனியாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வீரபாண்டிக்குச் சாலை பிரியும் இடத்தில் பெரிய பிளெக்ஸ். கையில் கோப்பையோடு நான். தலைக்குமேல் ஒரு கிரீடம் வரைந்திருந்தார்கள். காரில் அண்ணனிடம் அதை எடுத்துவிடச் சொன்னேன். "அடிச்சது அடிச்சாச்சு கண்ணு, ஊட்டுக்குப் போயி மொதல்ல சாப்புடு" என்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த நாள் முருகன் கோயிலில் வரிசையில் நின்றிருந்தோம். முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, "அம்மணி, நீங்க முன்னால போங்க" என்று விலகி நின்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் முன்னால் போனேன். போகும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டு போனேன். இனியா என் கையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்குப் பின்னால், எங்கள் பழைய இடத்திலேயே நின்றுகொண்டாள்.

திறப்பு விழாவுக்கு எக்ஸ்போர்ட்டர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், சொந்தபந்தம் எல்லோரும் வந்திருந்தார்கள். பக்கத்து யூனிட்டின் பீகார் பையன்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினோம். உலக சாம்பியன் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுவார் என்று அண்ணன் மைக்கில் சொன்னார். எதிரே ஆட யார் என்றபோது, பார்லரில் கவுண்டர் பார்க்க வேலைக்கு எடுத்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். பெயர் ஜெபா. பத்தொன்பது வயது. அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். ஜெபாவும் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தவள். பிறகு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பார்லரில் கவுண்டருக்குப் போய், ஆள் இல்லாத நேரங்களில் அங்கே ஆடிப் பழகியிருக்கிறாள்.

பார்லர் குச்சிகளில் ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிப் பார்த்து, நேராக உருண்டதை வைத்துக்கொண்டாள். குச்சியை அப்படிப் பார்த்து எடுக்கிறவர்களுக்கு ஆட்டம் தெரியும்.

அவள் அவசரப்படவே இல்லை. ஒரு சிவப்பு, ஒரு வண்ணம், மறுபடி ஒரு சிவப்பு என்று பந்துகள் போய்க்கொண்டே இருந்தன. வெள்ளைப் பந்து ஒவ்வொரு முறையும் அவள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. நான் என் முழு ஆட்டத்தையும் ஆடினேன். பயணக் களைப்பு, புது மேஜை என்று எதையும் சொல்ல மாட்டேன். கடைசியில் நீலத்தைப் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. ஓங்கி அடித்துவிட்டேன். நீலம் பாக்கெட் வாயில் இப்படியும் அப்படியும் அடிபட்டு வெளியே வந்தது. ஜெபா அதைப் போட்டாள், பிங்க்கைப் போட்டாள், முடிந்தது.

ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் குனிந்து நின்றிருந்தேன். அப்போது அண்ணனின் குரல் மைக்கில் வந்தது. நம்மூர்ப் பெண் ஒருத்தி முன்னுக்கு வர வேண்டும் என்று உலக சாம்பியன் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்துவிட்டார் என்றார். கூடமே எழுந்து கைதட்டியது, என்னைப் பார்த்து. வாசலில் நின்ற பீகார் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. கண்ணால் கண்டதை வைத்து அவர்கள் மட்டும் ஜெபாவைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மைக்கை வாங்கினேன். "நான் விட்டுக்கொடுக்கலீங்க. தோத்துட்டேனுங்க. இந்தப் பொண்ணு என்னைய ஜெயிச்சுட்டா" என்றேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி சிரித்தபடி இனியாவை இழுத்துவைத்து, உங்கம்மா நெசமா விளையாடுனாங்களா, சும்மா விளையாடுனாங்களா என்று கேட்டார். தோற்பதற்கும் தொலைவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். இனியா யோசித்துத் தமிழில் சொன்னாள், "நெசமாவே அம்மா தொலைஞ்சு போயிட்டாங்க." சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

கூட்டம் சாப்பிடப் போனபோது ஜெபாவின் அம்மா வந்தார். நல்ல புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள மனசு நோவக் கூடாதுன்னு விட்டுக்குடுத்தீயளே தாயி. நல்லா இருப்பிய" என்றார்.

பெற்ற தாயே நன்றி சொல்கிறார். என் கைகளை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றேன். ஜெபா பின்னால் வந்து, "சும்மா இரும்மா" என்று அம்மாவை விலக்கினாள். என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"விட்டுத்தான் குடுத்தீங்களாக்கா?"

"இல்ல கண்ணு."

"அப்ப நாளைக்குக் காலைல, கடை தொறக்கறதுக்கு முன்னால இன்னொருக்கா ஆடலாங்க்கா. யாரும் வேண்டாம்."

6

மறுநாள் காலை இனியாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். நேற்றைய சாமந்திப் பூக்கள் தரையில் கிடந்தன. ஜெபா அவற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு, மேஜைத் துணியை ஒரே திசையில் தேய்த்து வைத்திருந்தாள். மூன்று ஆட்டம் என்று பேசிக்கொண்டோம். இனியா புள்ளிகளை ஆங்கிலத்தில் சொன்னாள்.

முதல் ஆட்டத்தை நான் ஜெயித்தேன். ஜெபா பந்துகளை மறுபடி அடுக்கினாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. எனக்கும்தான். நேற்று நடந்தது தற்செயல், நான் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றிவிட்டது. அவள் தோற்றதில் எனக்கு அத்தனை நிம்மதி. என் வயதில் பாதிகூடத் தாண்டாத பெண்.

இரண்டாவது ஆட்டத்தை அவள் எடுத்தாள். மூன்றாவதில் நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். பந்துகளை ஒளித்துவைத்தேன், நேரம் கடத்தினேன், ஓல்டம் கிளப் தாத்தாக்களிடம் கற்ற குறுக்கு வித்தைகள் ஒன்றையும் விடவில்லை. அவள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்து, யோசித்து, அவிழ்த்தாள். கறுப்புப் பந்து பாக்கெட்டில் விழுந்தபோது இனியா புள்ளியைச் சொல்ல மறந்துவிட்டாள்.

ஜெபா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"முழுசாத்தான் ஆடுனீங்களா?"

"ஆமா கண்ணு. இதுதான் என்னோட முழு ஆட்டம்."

"உங்க வீடியோ எல்லாம் போன்ல வெச்சிருக்கேன். உங்களப் பாத்துத்தான் கை வெக்கப் பழகுனேன்" என்றாள். பாக்கெட்டிலிருந்து கறுப்புப் பந்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நீங்க ஜெயிச்சிருந்தா நல்லா இருந்திருக்குங்க்கா."

வேறெந்தத் தோல்வியிலும் நான் இப்படிக் கூசிப்போனதில்லை. உலகத்தின் உச்சி என்று ஒன்றை அவளுக்குக் காட்டி வைத்திருந்தோம், நானும் என் ஊரும். அது ஒரு குட்டிச்சுவர் என்று அவளே ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

நான் அவளிடம் அந்தக் கோப்பையின் கதையை முழுக்கச் சொன்னேன். எனக்கு மேலே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் எப்படியெல்லாம் தோற்றேன் என்றும் சொன்னேன். யார் எப்படி அடிப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடை திறக்கும் நேரம் தாண்டியும் கேட்டாள். என் தோல்விகளில் இவ்வளவு விஷயம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

7

மதியம் அண்ணனின் கம்பெனிக்குப் போனேன். செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபா என்னை ஜெயித்தாள் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், மாநிலப் போட்டிக்கு அவளை பார்லர் பெயரில் அனுப்ப வேண்டும் என்றேன்.

"அவ ஆட்டம் எனக்குத் தெரியாதா கண்ணு? நானும் அந்த டேபிள்ல ஆடுனவன்தான. வேலைக்குச் சேந்ததுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"அப்புறம் ஏனுங்கண்ணா மைக்குல அப்படிச் சொன்னீங்க?"

அண்ணன் ஒரு பனியனை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்தார். "அத்தனை பேரு முன்னால நீ தலையக் குனிஞ்சு நின்னே. எனக்குப் பாக்க முடியல."

கோபத்தோடு போயிருந்தேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போய்விட்டது. கடைக்கு விளம்பரம் என்று நினைத்திருந்தேனே தவிர, இத்தனை வருடமாக அவர் என் தோல்விகளை எனக்கே தெரியாமல் மூடி மூடி வைத்திருக்கிறார் என்று நினைக்கவில்லை. அப்பா கட்டிய திரைக்கும் இதுதான் காரணமாக இருக்குமோ, தெரியாது. ஆனால் இந்த முறை மூடிய துணி இன்னொரு பெண்ணின் முகத்திலும் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அன்று சாயங்காலம் அண்ணன் பிளெக்ஸை மட்டும் இறக்கிவிட்டார்.

விமானத்தில் இனியா கேட்டாள், அந்த அக்கா ஜெயித்துவிட்டு ஏன் அழுகிற மாதிரி இருந்தார் என்று. எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பிறகு, தோற்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

8

நேற்று அண்ணன் போன் செய்தார். ஜெபா வேலையை விட்டுவிட்டாளாம். கோயமுத்தூரில் ஒரு பெரிய கிளப்பில் சேர்ந்து, மாநிலப் போட்டிக்குத் தானாகவே பெயர் கொடுத்திருக்கிறாளாம். "நல்ல புள்ள, சொல்லிட்டுத்தான் போச்சு" என்றார். குரலில் வருத்தமும் இருந்தது, வேறென்னவோவும் இருந்தது.

வேலை முடிந்து ஆடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அவள் எண்ணைக் கூப்பிட்டேன். வாழ்த்துச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டில் எதை முதலில் சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை. வேறொரு பெண் குரல் எடுத்தது. பின்னால் பந்துகள் மோதும் சத்தம் கேட்டது.

"ஜெபாக்கா டேபிள்ல இருக்காங்க. யாரு கூப்பிட்டாங்கன்னு சொல்லட்டுங்க?"

உலக சாம்பியன் என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்ட நான் யோசித்தேன். உள்ளதையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"திருப்பூர்ல அவகிட்ட தோத்தவங்கன்னு சொல்லு கண்ணு."

"அப்படி நெறையப் பேரு இருக்காங்களேங்க. உங்க பேரச் சொல்லுங்க."

பேரைச் சொன்னேன்.